மதுரையிலிருந்து போகும் ஆங்கிலக் கடிதம்: வணிகக் கடிதத்தை அமைப்பது எப்படி?

சென்னையில் உள்ள ஒரு வங்கிக்கு எங்கள் கடையிலிருந்து போன கடிதம் இரண்டு மாதம் பதிலில்லாமல் கிடந்தது. வட்டிக் கணக்கில் ஒரு தவறு. அதைத் திருத்தச் சொல்லி ஒன்றரைப் பக்கத்துக்கு ஆங்கிலத்தில் எழுதியிருந்தோம். கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த கடிதம். இலக்கணப் பிழை ஒன்றுகூடக் கிடையாது. நேரில் போய்க் கேட்டபோது அங்கிருந்த அம்மா சொன்னார்: "சார், லெட்டர் வந்திருக்கு. எந்தக் கணக்குன்னுதான் தெரியல." கணக்கு எண்ணை இரண்டாம் பக்கத்தில், நான்காவது பத்தியின் நடுவில் வைத்திருந்தோம்.

யார் பெயருக்குக் கடிதம் எழுதுகிறோமோ அவர் கைக்கு அது கடைசியாகத்தான் போகிறது. அதற்கு முன்னால் உறையைப் பிரிப்பவர், முத்திரை குத்திப் பதிவேட்டில் ஏற்றுபவர், எந்த மேசைக்கு என்று பிரித்துக் கொடுப்பவர் எனப் பல கைகளில் ஏறி இறங்குகிறது. அவர்கள் பத்தி பத்தியாகப் படிப்பதில்லை. மேலே கால் பக்கத்தையும் கீழே கையெழுத்தையும் பார்த்துவிட்டு நகர்த்திவிடுவார்கள். ஆங்கில வணிகக் கடிதத்தின் அமைப்பே அவர்களுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டு உட்காருங்கள். எது எங்கே வரவேண்டும் என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போகலாம். நீங்கள் மதுரையில் சுங்குடிச் சேலை உற்பத்தி செய்கிறீர்கள். பெங்களூரில் ஒரு கடைக்கு 300 சேலை அனுப்பினீர்கள். பில் தொகை ரூ. 1,86,000. முப்பது நாள் கடன் என்று பேச்சு. நாள் கடந்தும் பணம் வரவில்லை. போனில் கேட்டால் "அடுத்த வாரம்" என்கிறார்கள். இனி எழுத்தில் கேட்க வேண்டியதுதான்.

காகிதமும் கணினியும்

முதலில் காகித அளவு. இந்தியாவில் ஏ4, அதாவது 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம். வேர்டில் சில டெம்ப்ளேட்டுகள் 'லெட்டர்' என்ற அமெரிக்க அளவில் திறக்கும். அது அகலத்தில் சற்றுக் கூடுதல், உயரத்தில் குறைவு. அதைக் கவனிக்காமல் அச்சடித்தால் கடைசி வரி அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். நான்கு பக்கமும் ஓர் அங்குலம், அதாவது 2.54 செ.மீ., ஓரம் விடுங்கள். அச்சடித்த லெட்டர்பேடில் எடுப்பதானால் ஸ்கேலை வைத்து மேலே உள்ள தலைப்பை அளந்து, அதைவிட அரை செ.மீ. கூடுதலாக மேல் ஓரம் கொடுங்கள். எழுத்து அளவு 11 அல்லது 12.

எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. வேர்டில் என்டர் தட்டினால் ஒவ்வொரு பத்திக்குப் பின்னும் தானாகவே இடைவெளி விழும். முகவரியை வரிவரியாக என்டர் தட்டி எழுதினால் ஐந்து வரி முகவரி கால் பக்கத்தை அடைத்துக்கொள்ளும். முகவரிக்குள் மட்டும் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு என்டர் தட்டுங்கள். வரிகள் நெருங்கி நிற்கும்.

டைப்ரைட்டிங் லோயர், ஹையர் எழுதியவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டாம் தாளில் கடிதம் அடித்தபோது பத்தி தொடங்கும் இடத்தில் ஐந்து எழுத்து உள்ளே தள்ளி, தேதியை வலப்பக்கம் வைத்து, முடிப்பையும் வலப்பக்கம் வைத்துப் பழகியிருப்பீர்கள். அது தவறில்லை, பழைய முறை. இப்போது பெரும்பாலும் 'ஃபுல் பிளாக்' என்ற முறைதான்: தேதி முதல் கையெழுத்து வரை எல்லாமே இடது ஓரத்தை ஒட்டி, பத்திக்கு உள்தள்ளல் கிடையாது, பத்திகளுக்கு நடுவே ஒரு வரி வெற்றிடம். தேதியையும் கையெழுத்தையும் மட்டும் வலப்பக்கமாகத் தள்ளுவது 'மாடிஃபைடு பிளாக்'. எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே பிடியுங்கள். என் ஓட்டு ஃபுல் பிளாக்குக்கு, டேப் விசையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்ற ஒரே காரணத்துக்காக.

வலது ஓரத்தையும் நேராக்கும் 'ஜஸ்டிஃபை' பொத்தானைத் தொடாதீர்கள். சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக இடம் விழும்.

லெட்டர்பேடு, நம்மூர் முகவரிச் சிக்கல்

பள்ளியில் 'அனுப்புநர்', 'பெறுநர்' என்று தொடங்கிப் பழகிய கை, ஆங்கிலத்திலும் 'ஃப்ரம்', 'டு' என்று போடத் துடிக்கும். லெட்டர்பேடு இருந்தால் 'ஃப்ரம்' வேண்டாம். மேலே அச்சடித்திருப்பதே அனுப்புநர்தான். உள்ளூர் அலுவலகங்களுக்கு 'டு' போடலாம், வெளிநாட்டுக்கு அதுவும் தேவையில்லை. லெட்டர்பேடு இல்லையென்றால் உங்கள் முகவரியை மட்டும் மேலே எழுதுங்கள். பெயர் கையெழுத்தின் கீழேதான் வரும்.

முகவரியில் மதுரைக்காரர்களுக்கென்றே ஒரு வம்பு உண்டு. மேல மாசி வீதி 'வெஸ்ட் மாசி ஸ்ட்ரீட்'. கீழ ஆவணி மூல வீதி 'ஈஸ்ட் ஆவணி மூல ஸ்ட்ரீட்'. மேலக்கும் கீழக்கும் இங்கே உயரம், பள்ளம் என்று பொருளில்லை, திசை. 'அப்பர்', 'லோயர்' என்று மொழிபெயர்த்த லெட்டர்பேடை நானே பார்த்திருக்கிறேன். 'ஆவணி'க்கு ஆங்கிலத்தில் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். உங்கள் ஜி.எஸ்.டி. சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அதையே லெட்டர்பேடிலும் பில்லிலும் உறையிலும் வையுங்கள். பதினைந்து எழுத்து ஜி.எஸ்.டி. எண்ணும் லெட்டர்பேடில் இருக்கட்டும். தமிழ்நாட்டுக்கு அது 33 என்று தொடங்கும்.

பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக இருந்தால் இது உங்கள் விருப்பத்தைப் பொறுத்ததல்ல. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெயர், பதிவு அலுவலக முகவரி, கம்பெனிப் பதிவின்போது தரும் 21 எழுத்து அடையாள எண்ணான சி.ஐ.என்., தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவை கடிதத்தாளில் இருந்தாக வேண்டும். தனி உரிமையாளருக்கும் கூட்டு வணிகத்துக்கும் சி.ஐ.என். கிடையாது.

எண்ணும் தேதியும்

லெட்டர்பேடுக்குக் கீழே இடப்பக்கம் கடித எண். 'ரெஃப்' என்று போட்டு, நிறுவனத்தின் முதலெழுத்துகள், பிரிவு, வரிசை எண், நிதியாண்டு: எம்.எஸ்./ஏ.சி./047/2025-26 என்பது போல. ஏப்ரல் முதல் தேதி வரிசை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கட்டும். ஐந்து பேர் வேலை செய்யும் கடைக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். அடுத்த முறை "உங்கள் கடிதமே வரவில்லையே" என்று யாராவது சொன்னால், "047ஆம் எண் கடிதம், ஆகஸ்ட் 4ஆம் தேதி" என்று சொல்லிப் பாருங்கள். எதிர்முனையில் குரல் மாறும்.

தேதி விஷயத்தில் நாங்கள் ஒரு முறை அடிபட்டோம். அமெரிக்காவில் ஒருவருக்குச் சரக்கு அனுப்பும் நாளை 05/07 என்று எழுதினோம். நாங்கள் சொன்னது ஜூலை 5. அவர்கள் ஊரில் மாதம்தான் முதலில், நாள் பிறகு. அவர் படித்தது மே 7. மே 8ஆம் தேதி இரவு பதினோரு மணிக்குப் போன் வந்தது. அதிலிருந்து மாதத்தை எழுத்தில்தான் எழுதுகிறோம்: 4 ஆகஸ்ட் 2025. வெளிநாட்டுக் கடிதத்தில் தொகையையும் இப்படியே பாருங்கள். நாம் 5,00,000 என்று போடும் காற்புள்ளி அவர்களுக்கு அச்சுப்பிழை மாதிரித் தெரியும். 500,000 என்று போடவேண்டும். லட்சம், கோடி என்ற சொற்களும் அங்கே புரியாது.

பெறுநர் முகவரி

தேதிக்குக் கீழே ஒரு வரி விட்டு, யாருக்கு எழுதுகிறோமோ அவர் பெயர், பதவி, நிறுவனம், தெரு, ஊர், பின்கோடு. ஆள் பெயர் தெரியாவிட்டால் பதவியைப் போடுங்கள்: 'தி அக்கவுண்ட்ஸ் மேனேஜர்'. வெறும் நிறுவனப் பெயருக்குப் போகும் கடிதம் வரவேற்பு மேசையிலேயே தங்கிவிடும்.

'மெஸ்ஸர்ஸ்' என்பதன் சுருக்கத்தை நாம் எல்லாக் கடைப் பெயருக்கு முன்னாலும் போட்டுவிடுகிறோம். அது ஆட்களின் பெயரில் நடக்கும் கூட்டு வணிகத்துக்கு ஏற்பட்டது. 'லிமிடெட்' என்று முடியும் பெயருக்கு முன் தேவையில்லை. பெண் என்று தெரிந்து, மணமானவரா என்று தெரியாவிட்டால் பெயருக்கு முன் எம், எஸ் என்ற இரண்டெழுத்து போதும். தெரிந்தாலும் அதுவே போதும், வணிகத்துக்கு அந்த விவரம் எதற்கு?

பொருள் வரி

நான் நேரம் செலவிடுவது இங்கேதான். கடிதம் முழுவதையும் எழுதி முடித்த பிறகு இந்த ஒரு வரிக்காக ஐந்து நிமிடம் உட்காருவேன்.

'சப்: ரிகார்டிங் பேமெண்ட்' என்று எழுதுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். எந்தப் பணம், எவ்வளவு, எந்தப் பில்? மேசைக்குப் பிரித்துக் கொடுப்பவருக்கு இதில் ஒன்றுமே இல்லை. இப்படி எழுதுங்கள்: 'சப்: ஓவர்டியூ பேமெண்ட் ஆஃப் ரூ. 1,86,000, இன்வாய்ஸ் நம்பர் 112 டேட்டட் 10 ஜூன் 2025'. தொகை, பில் எண், தேதி மூன்றும் ஒரே வரியில் வந்துவிட்டன. வங்கிக்கு என்றால் கணக்கு எண், மின்வாரியத்துக்கு என்றால் இணைப்பு எண், காப்பீட்டுக்கு என்றால் பாலிசி எண். எங்கள் பழைய கடிதத்தில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் சென்னைக்கு பஸ் ஏறியிருக்க வேண்டியதில்லை.

பிரிட்டிஷ் வழக்கத்தில் பொருள் வரி, 'டியர் சர்' என்ற விளிப்புக்குக் கீழே வரும். நம் அலுவலகங்களில் மேலே போடுவதுண்டு. மேலே இருந்தால் பிரிப்பவர் கண்ணில் முதலில் படும் என்பதால் உள்நாட்டுக் கடிதங்களில் மேலேயே வைக்கிறேன். ஏற்கெனவே கடிதப் போக்குவரத்து நடந்திருந்தால் அவர்கள் கடிதத்தின் எண்ணையும் தேதியையும் பொருள் வரிக்கு அடுத்து 'ரெஃப்' என்று குறிப்பிடுங்கள்.

விளிப்பும் முடிப்பும்

இவை இரண்டும் ஜோடி. தொடக்கத்தில் பெயர் இல்லாவிட்டால், அதாவது 'டியர் சர்', 'டியர் மேடம்', 'டியர் சர் ஆர் மேடம்' என்று தொடங்கினால், முடிவில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'. பெயர் சொல்லித் தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'சின்சியர்லி' என்று ஒரே சொல்லில் முடிப்பார்கள். வணிகக் கடிதத்தில் விளிப்புக்குப் பின் அவர்கள் போடுவது முக்காற்புள்ளி. நாம் காற்புள்ளி போடுகிறோம். போட்டால் முடிப்புக்குப் பின்னும் போடவேண்டும், விட்டால் இரண்டிலும் விடவேண்டும்.

'யுவர்ஸ்' என்பதில் எஸ்ஸுக்கு முன் அபாஸ்ட்ரஃபி கிடையாது. மதுரையில் பாதிக் கடிதங்களில் அந்தக் கொக்கி தொங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது சொல்லின் முதலெழுத்து சின்னது. 'ஃபெய்த்ஃபுல்லி'யில் எல் இரண்டு. 'சின்சியர்லி'யில் ஆர் எழுத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் இ.

'ரெஸ்பெக்டட் சர்' என்பது 'மதிப்பிற்குரிய ஐயா' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் ஊற்றியது. நம் பள்ளிக்கும் அரசு அலுவலகத்துக்கும் செல்லும். வெளிநாட்டுக்காரர் படித்தால் விநோதமாகப் பார்ப்பார்.

பெயரில் இன்னொரு சங்கடம். நம் பெயருக்கு முன்னால் நிற்கும் இனிஷியல் அப்பா பெயர் என்று வெளிநாட்டில் தெரியாது. எஸ். முருகன் என்று கையெழுத்திட்டால், முருகன் குடும்பப் பெயர் என்று நினைப்பார்கள். பெரிய கேடில்லை, 'டியர் மிஸ்டர் முருகன்' என்று சரியாகவே வந்துவிடும். முருகன் எஸ். என்று இனிஷியலைப் பின்னால் போட்டவருக்குத்தான் 'டியர் மிஸ்டர் எஸ்' என்று பதில் வரும். பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று அவர்களால் கண்டுபிடிக்கவும் முடியாது. கையெழுத்தின் கீழே பெயரோடு மிஸ்டர் அல்லது எம்.எஸ். என்று சேர்த்துவிட்டால் எதிரே இருப்பவருக்கு உதவி.

சொல்ல வந்தது

'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கும் மரபு நமக்கு. மதுரையில் கடனைக் கேட்கப் போனால்கூட முதலில் காபி, பிறகு பிள்ளைகள் படிப்பு, பிறகுதான் பாக்கி. ஆங்கில வணிகக் கடிதத்தில் அந்த வரிசை தலைகீழ். என்ன நடந்தது என்பது முதல் பத்தியில், என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் என்பது அடுத்த பத்தியில். மூன்று பத்திக்கு மேல் போனால் இரண்டு விஷயத்தை ஒரே கடிதத்தில் திணிக்கிறோமா என்று பாருங்கள். பாக்கியும் புதிய ஆர்டரும் ஒரே கடிதத்தில் போனால், புதிய ஆர்டருக்குத்தான் பதில் வரும்.

நம் உதாரணத்துக்கு இது போதும்:

'வி சப்ளைட் 300 சுங்குடி சாரீஸ் டு யூ அண்டர் தி அபவ் இன்வாய்ஸ். யுவர் கோடவுன் ரிசீவ்ட் தெம் ஆன் 14 ஜூன் 2025. பேமெண்ட் வாஸ் டியூ ஆன் 14 ஜூலை 2025. வி ஹேவ் நாட் ரிசீவ்ட் இட்.

ப்ளீஸ் பே தி அமௌண்ட் பை 18 ஆகஸ்ட் 2025. இஃப் யூ ஹேவ் எனி கம்ப்ளெயிண்ட் அபவுட் தி குட்ஸ், ப்ளீஸ் ரைட் டு அஸ் பிஃபோர் தட் டேட்.'

சரக்கு எப்போது போய்ச் சேர்ந்தது, பணம் எப்போது வந்திருக்க வேண்டும், இன்னும் வரவில்லை, இந்தத் தேதிக்குள் தாருங்கள். கடைசி வரி முக்கியம். சரக்கில் குறை என்று இருந்தால் இப்போதே எழுதச் சொல்கிறோம். பதில் வராவிட்டால், ஆறு மாதம் கழித்து "சாயம் போச்சு" என்று அவர்கள் ஆரம்பிக்கும்போது இந்த வரி பேசும். 'விரைவில்' என்று எழுதாமல் தேதி எழுதியதையும் கவனியுங்கள். விரைவில் என்பது எந்தக் காலண்டரிலும் இல்லாத நாள்.

சட்டத்தை இழுக்கலாமா? முதல் கடிதத்தில் வேண்டாம் என்பேன். ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மத்திய அரசின் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு உற்பத்தியாளராக இருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் (எம்.எஸ்.எம்.இ.டி.) 15ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் கடன் நாள் 45ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் 16ஆம் பிரிவுப்படி ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டியாகக் கேட்கலாம். 18ஆம் தேதியும் கடந்தால் இரண்டாவது கடிதத்தில் இந்த இரண்டு பிரிவுகளையும் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். திட்ட வேண்டாம், பிரிவு எண்ணே திட்டும்.

நிறுவனத்தின் சார்பில் எழுதும்போது 'வி', உங்கள் பெயரில் எழுதும்போது 'ஐ'. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள். 'டூ தி நீட்ஃபுல்' என்று முடிக்கும் பழக்கம் நம் ரத்தத்தில் இருக்கிறது. ஆவன செய்க என்றால் எதைச் செய்வது? வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 'ரிவர்ட்' என்றால் நமக்குப் பதில் எழுதுவது. மற்ற ஊர்களில் பழைய நிலைக்குத் திரும்புவது. 'ரிப்ளை' என்ற எளிய சொல் இருக்கும்போது அது எதற்கு? 'ஐ பெக் டு ஸ்டேட்' என்று தொடங்குவது கலெக்டர் துரைக்கு மனு எழுதிய காலத்தோடு போகட்டும்.

கையெழுத்துப் பகுதி

'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'க்குக் கீழே 'ஃபார்' என்று போட்டு நிறுவனப் பெயர். பிறகு கையெழுத்துக்கு நான்கு வரி இடம். அதன் கீழே பெயர் அச்சில், அதன் கீழே பதவி: புரொப்ரைட்டர், பார்ட்னர் அல்லது ஆத்தரைஸ்டு சிக்னேட்டரி. ரப்பர் ஸ்டாம்பைக் கையெழுத்தின் மேலேயே ஓங்கிக் குத்தாமல் பக்கத்தில் வையுங்கள். கையெழுத்து மட்டும் தனியாக இரண்டாம் பக்கத்துக்குப் போனால், கடைசிப் பத்தியில் இரண்டு வரியாவது கூடவே போகும்படி தள்ளுங்கள். கையெழுத்து மட்டும் உள்ள தாளை எதோடும் ஒட்டிவிடலாம்.

அதற்கும் கீழே 'என்க்ளோஷர்ஸ்' என்று போட்டு, இணைத்தவற்றை எண்ணிக்கையோடு எழுதுங்கள்: பில் நகல் ஒன்று, அவர்கள் கோடவுன் முத்திரை விழுந்த லாரி ரசீது நகல் ஒன்று. மூலத்தை அனுப்பவே கூடாது. வேறு யாருக்காவது நகல் போகிறது என்றால் கடைசியில் 'சி.சி.' போட்டு அவர் பெயர். வாங்கியவருடைய முதலாளிக்கு ஒரு நகல் போகிறது என்று அந்த வரியில் தெரிந்தால், கணக்குப் பிரிவில் சில நேரம் வேலை வேகமாக நடக்கும்.

அனுப்புவது

ஏ4 தாளை மூன்றாக மடித்தால் ஒரு மடிப்பு 99 மி.மீ. வரும். 110க்கு 220 மி.மீ. அளவுள்ள நீள உறையில் அது கச்சிதமாக உட்காரும். கீழ் மூன்றில் ஒரு பங்கை முதலில் மேலே மடித்து, பிறகு மேல்பகுதியை அதன்மேல் மடியுங்கள். உறையில் பின்கோடு ஆறு இலக்கமும் தெளிவாக இருக்கட்டும். 1972இல் வந்த ஏற்பாடு, இன்றும் கடிதம் பிரிவது அந்த எண்ணை வைத்துத்தான். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது, அதனால் கவுண்டரில் ஸ்பீட் போஸ்ட் என்றே கேளுங்கள்.

மின்னஞ்சலில் அனுப்புவதானால் கையெழுத்திட்ட கடிதத்தை பி.டி.எஃப். ஆக்கி இணையுங்கள். பொருள் வரியை அப்படியே மின்னஞ்சலின் தலைப்பிலும் ஒட்டுங்கள். உள்ளே இரண்டு வரி போதும். கோப்புக்கு 'ஸ்கேன்0001' என்று பெயர் வைக்காமல் பில் எண்ணையும் தேதியையும் பெயராக வையுங்கள். தொகை பெரிதென்றால் நான் இரண்டு வழியிலும் அனுப்புவேன்.

ஸ்பீட் போஸ்ட் ரசீதை அலுவலக நகலின் மூலையில் பின் அடித்து வைக்கிறோம். அது வெயிலில் வெளுத்துப்போகும் தாள். அதனால் அதிலுள்ள டிராக்கிங் எண்ணைப் பேனாவால் நகலின் மேலேயே ஒரு முறை எழுதிவிட்டுத்தான் ஃபைலில் போடுவோம். நான்கு நாள் கழித்து அந்த எண்ணைத் தபால் துறை இணையதளத்தில் போட்டு, டெலிவரி ஆன பக்கத்தை அச்செடுத்து அதன் பின்னால் சேர்த்துவிடுவோம்.